49க்கு வீடு எங்கே?

14 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 × 7. பெருக்கல் குறியை அழித்துவிட்டு இரண்டையும் ஒட்டினால் 27. அதைப் பிரித்தால் 3 × 3 × 3, ஒட்டினால் 333. அதைப் பிரித்தால் 3 × 3 × 37, ஒட்டினால் 3337. அதைப் பிரித்தால் 47 × 71, ஒட்டினால் 4771. அதைப் பிரித்தால் 13 × 367, ஒட்டினால் 13367. இது பகா எண். இதற்கு மேல் பிரிக்க ஒன்றுமில்லை, ஆட்டம் முடிந்தது.

விதி இவ்வளவுதான். பகாக் காரணிகளைச் சிறியதில் தொடங்கி ஏறுவரிசையில் எழுதி ஒட்ட வேண்டும். ஒரே காரணி பலமுறை வந்தால் அத்தனை முறையும் எழுத வேண்டும். பகா எண் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் வந்து நிற்கும் பகா எண்ணை, புறப்பட்ட எண்ணின் 'வீடு' என்கிறார்கள். 1990களில் ஜெஃப்ரி ஹீலன் என்பவர் பொழுதுபோக்குக் கணித இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்க எண் ஆர்வலர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவர் ஆடக்கூடிய ஆட்டம். ஆனால் இரண்டு இலக்க எண் ஒன்றிலேயே இது உலகின் வலுவான கணினிகளை நிறுத்தி வைத்துவிடுகிறது. அது ஏன் என்று தேடினால் ராமானுஜனின் ஒரு தேற்றத்தையும், ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய ஒரு பேராசிரியரின் வேலையையும் தொட வேண்டியிருக்கிறது.

சிறிய எண், நீண்ட பயணம்

6க்கு வீடு பக்கத்திலேயே இருக்கிறது: 2 × 3, ஒட்டினால் 23, பகா எண். 9 இரண்டே படியில் போய்ச் சேரும்: 33, பிறகு 311. 10 கொஞ்சம் சுற்றும்: 25, 55, 511, 773. ஆனால் 6க்கும் 9க்கும் இடையில் இருக்கும் 8 எங்கெங்கோ போகிறது. 222, 2337, 31941, 33371313 என்று ஏறி, கடைசியில் 3331113965338635107 என்ற 19 இலக்க எண்ணில்தான் அமைதியடைகிறது. 48 போய்ச் சேரும் வீடு 6161791591356884791277, 22 இலக்கம்.

அடுத்த எண் 49. அதன் பயணத்தின் தொடக்கத்தை மட்டும் பார்ப்போம்.

49 = 7 × 7
77 = 7 × 11
711 = 3 × 3 × 79
3379 = 31 × 109
31109 = 13 × 2393
132393 = 3 × 44131
344131 = 17 × 31 × 653
1731653 = 7 × 11 × 43 × 523
71143523 = 11 × 11 × 577 × 1019
11115771019 = 311 × 35742029

இதுவரை கைக் கணக்குப் பொறியாலேயே சரிபார்த்துவிடலாம். இதற்குமேல் கணினி வேண்டும். ஆர்வலர்கள் நூறு படிகளுக்கும் மேலே ஏறிவிட்டார்கள். எண் இருநூறு இலக்கங்களைத் தாண்டிவிட்டது. வீடு இன்னும் வரவில்லை. நூறுக்குட்பட்ட எண்களில் வீடு தெரியாமல் நிற்பவை 49ம், அதே பாதையில் இரண்டாவதாக வரும் 77ம் மட்டுமே.

திரும்பி வர வழியில்லை

49 சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருக்குமோ என்ற சந்தேகம் எழலாம். அப்படி நடக்காது, இதற்கு எளிய நிரூபணம் உண்டு. 47ஐயும் 71ஐயும் ஒட்டுவது என்றால் 47ஐ 100ஆல் பெருக்கி 71ஐக் கூட்டுவது. பெருக்கினாலோ 47 × 71 தான். 71 எப்போதும் 100ஐவிடச் சிறியது. எனவே ஒட்டியது பெருக்கியதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். எத்தனை காரணிகள் இருந்தாலும், எத்தனை இலக்கம் இருந்தாலும் இந்த வாதம் மாறாது. ஒவ்வொரு படியிலும் எண் வளர்கிறது. வந்த எண் மறுபடி வராது.

ஆக, மிஞ்சுவது இரண்டே வாய்ப்பு. என்றாவது ஒரு பகா எண்ணில் போய் நிற்கும், அல்லது முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். எல்லா எண்ணுக்கும் வீடு உண்டு என்பது பொதுவான நம்பிக்கை. நிரூபித்தவர் யாருமில்லை.

விதியைக் கொஞ்சம் மாற்றினால் கதை எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கணிதவியலாளர் ஜான் கான்வே, ஒரே காரணியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் அடுக்கையும் இலக்கமாக ஒட்டும் விளையாட்டை முன்வைத்தார். 60 என்பது 2இன் 2ஆம் அடுக்கு, 3, 5. ஒட்டினால் 2235. அது 3 × 5 × 149. ஒட்டினால் 35149, பகா எண். எந்த எண்ணில் தொடங்கினாலும் இப்படிப் பகா எண்ணில்தான் முடியும் என்று கருதிய கான்வே, 2014இல் விடைக்கு 1000 டாலர் பரிசு அறிவித்தார்.

2017இல் ஜேம்ஸ் டேவிஸ் என்பவர் அந்தக் கருத்தை ஒரே எண்ணால் வீழ்த்தினார். அந்த எண் 13532385396179. அதன் காரணிகள் 13, 53இன் 2ஆம் அடுக்கு, 3853, 96179. இவற்றை ஒட்டிப் பாருங்கள்: 13, 53, 2, 3853, 96179. புறப்பட்ட எண்ணே திரும்ப வருகிறது. பகு எண்ணாக இருந்துகொண்டே இது அசையாமல் நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான எண்களைத் தேட வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு. கடைசிக் காரணியை மட்டும் தெரியாததாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் இருக்கும் காரணிகளின் பெருக்குத்தொகை 140700001. அவற்றை ஒட்டி எழுதினால் 135323853. கடைசிக் காரணி ஐந்து இலக்கம் என்றால், 135323853ஐ ஒரு லட்சத்தால் பெருக்கி அந்தக் காரணியைக் கூட்டியதும், 140700001ஐ அந்தக் காரணியால் பெருக்கியதும் சமமாக வேண்டும். கூட்டிய காரணியை மறுபக்கம் கொண்டுபோனால் 140700001 என்பது 140700000 ஆகிவிடுகிறது, பூஜ்யங்கள் அடிபடுகின்றன. மிஞ்சுவது 135323853ஐ 1407ஆல் வகுப்பது. விடை 96179, மீதியில்லை. அது பகா எண்ணாகவும் அமைந்துவிட்டது. அடுக்கை இலக்கமாக எழுதும்போது ஒட்டிய எண் பெருக்குத்தொகையைவிடச் சிறுக்கவும் முடியும் என்பதால்தான் இந்த ஓட்டை கிடைத்தது. வீட்டைத் தேடும் பழைய ஆட்டத்தில், மேலே சொன்ன நிரூபணம் அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது.

எழுத்தும் எண்ணும்

இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? காரணிகளாகப் பிரிவது எண்ணின் சொந்தக் குணம். 49ஐத் தமிழ் எண்ணுருக்களில் எழுதினாலும் ரோமன் எழுத்தில் எழுதினாலும் கூழாங்கற்களாக அடுக்கினாலும் அது ஏழு ஏழுகள்தான். ஒட்டுவதோ நாம் எழுதும் முறையைச் சார்ந்தது. பத்தடிமானத்தில் எழுதுகிறோம் என்பதற்காக 7ஐயும் 7ஐயும் ஒட்டினால் 77 வருகிறது.

கணினியின் இரண்டடிமானத்தில் அதே ஆட்டத்தை ஆடினால் பாதையே மாறிவிடும். பத்தடிமானத்தில் 4 என்பது 22க்குப் போய், 211இல் முடியும். இரண்டடிமானத்தில் 2 என்பது 10. இரண்டு 2களை ஒட்டினால் 1010. அது நமது பத்து. பத்து என்பது 2 × 5. அதாவது 10, 101. ஒட்டினால் 10101, நமது இருபத்தொன்று. அது 3 × 7; அதாவது 11, 111; ஒட்டினால் 11111, நமது முப்பத்தொன்று. பகா எண். அங்கே 4க்கு வீடு 31.

எழுத்து முறைக்கும் பெருக்கல் அமைப்புக்கும் உறவு மிகக் குறைவு. 2, 11, 3 போன்ற சில எண்களுக்கு வகுபடும் விதிகள் இருக்கின்றன. அவை இலக்கங்களைப் பார்த்தே சொல்லிவிடும். அதற்கு மேல் ஒட்டிய எண்ணில் பழைய காரணிகளின் சாயல் எதுவும் தங்குவதில்லை. எல்லாப் பகா எண்களையும் வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும் தொடரில் இதைப் பார்க்கலாம். 2, 23 இரண்டும் பகா எண்கள். 235 என்பது 5 × 47. 2357 மறுபடி பகா எண். 235711 என்பது 7 × 151 × 223. 23571113 என்பது 23 × 29 × 35339. அடுத்த 2357111317 பதினொன்றால் வகுபடும்; ஒன்றுவிட்டு ஒன்று இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடும். இந்தத் தொடரில் 2357க்கு அடுத்த பகா எண் எங்கே வருகிறது? 719 வரை உள்ள 128 பகா எண்களையும் ஒட்டிய பிறகு, 355 இலக்க எண்ணாக.

இதே வரிசையைப் புள்ளிக்குப் பின்னால் 0.2357111317 என்று முடிவில்லாமல் எழுதினால் கிடைக்கும் எண்ணை ஆர்தர் கோப்லேண்டும் பால் ஏர்டோஷும் 1946இல் ஆராய்ந்தார்கள். அதில் பத்து இலக்கங்களும் சம வீதத்தில் வருகின்றன; எந்த இலக்கக் கோவையை எடுத்தாலும் அதே நீளமுள்ள மற்றக் கோவைகளுக்கு இணையாக வருகிறது என்று நிரூபித்தார்கள். துளியும் தற்செயல் இல்லாத விதியால் கட்டிய எண், தாயக்கட்டையை உருட்டி எழுதியதற்கு ஒப்பாக நடந்துகொள்கிறது.

ராமானுஜன் சொன்ன அளவு

தற்செயலைப் போல நடந்துகொள்கிறது என்றால் வாய்ப்புக் கணக்குப் போடலாம். 49க்கு வீடு உண்டா என்பதை நிரூபிக்க முடியாவிட்டாலும், நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இரண்டு அளவுகள் போதும். ஒன்று, பெரிய எண் ஒன்று பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு. இன்னொன்று, ஒவ்வொரு படியிலும் எண் எவ்வளவு வளர்கிறது என்பது.

முதல் அளவு 1896 முதல் நிரூபணத்தோடு தெரியும். அந்த ஆண்டில் ஹடமார்டும் டி லா வலே பூசினும் தனித்தனியே பகா எண் தேற்றத்தை நிறுவினார்கள். அதன்படி, இலக்கங்களின் எண்ணிக்கையை 2.3ஆல் பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று, சராசரியாகப் பகா எண். நூறு இலக்க எண்களில் 230க்கு ஒன்று. நம் ஆட்டத்தில் வரும் எண்கள் தொடக்கப் படிகளைத் தாண்டியதும் 1, 3, 7, 9 ஆகியவற்றில்தான் முடியும். பெரிய பகா எண்களின் கடைசி இலக்கம் வேறாக இருக்க முடியாது. அதனால் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடி, நூறு இலக்கத்தில் 92க்கு ஒன்று என்றாகிறது.

இந்தத் தேற்றத்தின் பிழை எவ்வளவு என்பதுதான் ரீமான் கருதுகோளின் சாரம். அதைப் பற்றிய ஒரு முக்கியமான பக்கம் பிராங்பேர்ட்டில் எழுதப்பட்டது. 1922இல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான கார்ல் லுட்விக் சீகல், ரீமான் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளைப் படித்து, அவற்றில் புதைந்து கிடந்த ஒரு கணக்கீட்டுச் சூத்திரத்தை மீட்டு 1932இல் வெளியிட்டார். இன்றைக்கும் அது ரீமான்-சீகல் சூத்திரம் என்ற பெயரில் கருதுகோளைக் கணினியில் சோதிக்கப் பயன்படுகிறது.  

இரண்டாவது அளவுக்குக் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஓர் எண்ணைக் காரணிகளாகப் பிரித்து ஒட்டும்போது, காரணிகள் எத்தனையோ அதைவிட ஒன்று குறைந்த அளவுக்குள்தான் இலக்கங்கள் கூடும். இரண்டு காரணி என்றால் அதிகபட்சம் ஓர் இலக்கம், ஐந்து என்றால் நான்கு. ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: பெரிய எண் ஒன்றுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும்?

1917இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு விடை சொன்னது. எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை எடுத்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அத்தனை காரணிகள். பத்து இலக்க எண்ணுக்கு முதல் மடக்கை 23. இரண்டாவது மடக்கை 3.1. நூறு இலக்க எண்ணுக்கு 230, பிறகு 5.4. இருநூறு இலக்க எண்ணுக்கு 6.1. எண் பிரம்மாண்டமாகப் பெருத்தாலும் காரணிகளின் எண்ணிக்கை நத்தை வேகத்தில்தான் ஏறுகிறது. 1934இல் பால் டூரான் இதற்கு மிக எளிய நிரூபணம் தந்தார். 1940இல் ஏர்டோஷும் மார்க் காட்ஸும் இன்னும் ஒரு படி போய், காரணிகளின் எண்ணிக்கை வாய்ப்பியலின் மணி வடிவ வளைவில் பரவியிருக்கிறது என்று காட்டினார்கள். எண் கோட்பாட்டுக்குள் வாய்ப்பியலை அழைத்து வந்த பெருமையில் ராமானுஜனுக்குப் பங்கு உண்டு.

இப்போது இரண்டு அளவுகளையும் 49இன் மேல் வைத்துப் பார்க்கலாம். நூறு படிகளில் இருநூறு இலக்கம் தாண்டியிருப்பதால் சராசரியாகப் படிக்கு இரண்டு இலக்கம் என்று கொள்ளலாம். ராமானுஜன் அளவோடு இது பொருந்துகிறது. ஒவ்வொரு படியிலும் பகா எண் கிடைக்கும் வாய்ப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால், அந்தக் கூட்டுத்தொகை மிக மெதுவாக, ஆனால் எல்லையில்லாமல் வளர்கிறது. காரணிகள் மட்டும் இன்னும் வேகமாகப் பெருகியிருந்தால் இந்தக் கூட்டுத்தொகை ஒரு வரம்புக்குள் நின்றிருக்கும். வீடில்லாத எண்கள் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்போம். ராமானுஜன் சொன்ன நத்தை வேகம்தான் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது. 49க்கு வீடு இருக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு தூரத்தில்? இதே தோராயக் கணக்குப்படி, நூறாவது படியில் நிற்பவர் சராசரியாக ஒரு பகா எண்ணையாவது எதிர்பார்க்க ஏறக்குறைய அறுநூறாவது படி வரை ஏற வேண்டியிருக்கும். அங்கே எண்ணுக்கு 1200 இலக்கம். நல்ல நேரம் இருந்தால் அடுத்த படியிலேயே கிடைக்கலாம்; இல்லாவிட்டால் இதுதான் கணக்கு. 1200 இலக்க எண்ணைக் காரணிப்படுத்தும் வழி இன்று உலகில் யாரிடமும் இல்லை.

சோதிப்பது வேறு, பிரிப்பது வேறு

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சோதிப்பதும், பகு எண் என்று தெரிந்த பிறகு காரணிகளைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்று தோன்றும். அப்படி இல்லை. ஆயிரம் இலக்க எண்ணைக்கூடச் சாதாரணக் கணினி சற்று நேரத்தில் சோதித்துச் சொல்லிவிடும். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இந்தச் சோதனையை எப்போதும் விரைவாக, ஐயத்துக்கு இடமின்றிச் செய்யலாம் என்று நிரூபித்து உலகை வியக்க வைத்தார்கள்.

பிரிப்பதற்கு அப்படி ஒரு வழி தெரியவில்லை. சிறிய காரணிகள் இருந்தால், 1987இல் ஹெண்ட்ரிக் லென்ஸ்ட்ரா வெளியிட்ட நீள்வட்ட வளைவு முறை அவற்றை உதிர்த்துவிடும். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்குத்தொகை மட்டும் மிஞ்சிவிட்டால் வேறு எந்திரம் வேண்டும். 2005 மே மாதம் பான் நகரத்துக் குழு 200 இலக்க எண் ஒன்றைப் பிரித்தது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் பிரிந்தது. ஒற்றைக் கணினிக் கருவுக்குக் கணக்கிட்டால் சுமார் 2700 ஆண்டு உழைப்பு. 49இன் பாதை நிற்பதும் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான்.

இந்தச் சிரமத்தையே பூட்டாக்கியது ஆர்.எஸ்.ஏ. முறை. ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் 1977இல் அமைத்தது. நாம் 14இலிருந்து போகும் வழியில் சந்தித்த 3337ஐயே எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் 3337 என்ற எண்ணையும் 79 என்ற அடுக்கையும் அறிவித்துவிடலாம். செய்தியை எண்ணாக்கி 79ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 3337ஆல் வகுத்து மீதியை அனுப்புவார்கள். திறக்க 1019ஆம் அடுக்குக்கு உயர்த்தி அதேபோல மீதி காண வேண்டும். 1019 எங்கிருந்து வந்தது? 47, 71 இரண்டிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 3220. 79 × 1019ஐ 3220ஆல் வகுத்தால் மீதி 1. காரணிகள் தெரிந்தால்தான் 3220 தெரியும். 3220 தெரிந்தால்தான் 1019 கிடைக்கும். உண்மையான பூட்டில் 3337க்குப் பதில் 617 இலக்க எண் இருக்கும்.

பிராங்பேர்ட் பேராசிரியர்

பிராங்பேர்ட் ஐரோப்பாவின் பண நகரம். ஐரோப்பிய மத்திய வங்கி அங்கே இருக்கிறது. 1995இல் தொடங்கிய டெ-சிக்ஸ் இணையச் சந்திப்பு மையம் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பூட்டிய செய்திகள் ஓயாமல் கடக்கும் அந்த நகரத்தின் கோத்தே பல்கலைக்கழகத்தில் 1971 முதல் 2011 வரை பேராசிரியராக இருந்தவர் கிளவுஸ் பீட்டர் ஷ்நோர். பூட்டுச் செய்வதிலும் உடைப்பதிலும் ஒருங்கே அவர் பெயர் அடிபடும்.

பூட்டுப் பக்கம், 1989இல் அவர் வெளியிட்ட கையொப்ப முறை. காப்புரிமை 2008 வரை நீடித்ததால், அமெரிக்க அரசு அதைச் சற்றே சுற்றிக்கொண்டு போகும் வேறு தரத்தை வகுத்தது. உரிமை காலாவதியானதும் முறை பரவியது. 2021 நவம்பரில் பிட்காயின் அதை ஏற்றுக்கொண்டது.

உடைக்கும் பக்கம்தான் நம் கதை. காரணிப்படுத்தலின் பழைய தந்திரம் கணிதவியலாளர் பெர்மாவுடையது. 59இன் வர்க்கம் 3481. அதிலிருந்து 3337ஐக் கழித்தால் 144. அது 12இன் வர்க்கம். ஆகவே 3337 என்பது 59இலிருந்து 12ஐக் கழித்ததும் கூட்டியதும்: 47 × 71. பெரிய எண்களுக்கு இப்படி ஒரே அடியில் வர்க்கம் வாய்க்காது. அதனால் சிறிய பகா எண்களால் மட்டுமே ஆன மீதிகளை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சேகரித்து, அவற்றைப் பொருத்தமாகப் பெருக்கி வர்க்கம் செய்கிறார்கள். அந்த மீதிகளைத் தேடுவதில்தான் 2700 ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி போகிறது.

1991இல் ஷ்நோர் வேறு வழி சொன்னார். சிறிய பகா எண்கள் பலவற்றின் பெருக்குத்தொகை ஒன்று, உடைக்க வேண்டிய எண்ணின் ஏதாவது ஒரு மடங்குக்கு மிக நெருக்கமாக வந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதாக இருக்கும். சிறிய எண் சிறிய காரணிகளாகவே உடைய வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நெருக்கங்களைத் தேடுவது, கோலத்துக்கு வைக்கும் புள்ளிகளைப் போல ஒழுங்காகப் பரவிய ஒரு புள்ளிக்கட்டத்தில் மிக அருகிலிருக்கும் புள்ளியைத் தேடுவதற்குச் சமம் என்று அவர் காட்டினார். தரையில் அது எளிது. பல நூறு பரிமாணங்களில் மிகக் கடினம். அந்தத் தேடலுக்கென்றே அவரும் மார்ட்டின் ஆய்க்னரும் 1990களின் தொடக்கத்தில் ஒரு கருவியைக் கூர்தீட்டினார்கள். கட்டம் கட்டமாகப் புள்ளிக்கட்டத்தைச் சுருக்கும் அந்த வழிமுறையைத் துறையினர் பி.கே.இசட். என்பார்கள்.

2021 மார்ச்சில், ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழித்து, அவர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். ஆர்.எஸ்.ஏ. முறையையே இது அழித்துவிடும் என்று அதன் சுருக்கம் முழங்கியது. உலகம் முழுக்கப் பரபரப்பு. நெதர்லாந்தின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தைச் சேர்ந்த லியோ டுகாஸ் உடனே நிரல் எழுதிச் சோதித்தார். எதிர்பார்த்த அளவில் அப்படிப்பட்ட நெருக்கங்கள் கிடைக்கவில்லை. மீதிகளைச் சேகரிக்கும் வழக்கமான சல்லடை முறைக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. 2022 டிசம்பரில் சீன ஆய்வாளர்கள் அதே எண்ணத்தோடு பத்து குவாண்டம் பிட்களைச் சேர்த்து, 261980999226229 என்ற 15 இலக்க எண்ணைப் பிரித்துக் காட்டினார்கள். பெரிய எண்களுக்கும் இது செல்லும் என்ற அவர்களது வாதத்தைத் துறையினர் ஏற்கவில்லை. அந்த 15 இலக்க எண்ணைச் சாதாரண மடிக்கணினி கண் இமைப்பதற்குள் பிரித்துவிடும்.

உடைக்கும் முயற்சி தோற்றது, கருவி தோற்கவில்லை. குவாண்டம் கணினி ஒருநாள் பெரிதாக வளர்ந்தால், 1994இல் பீட்டர் ஷோர் காட்டிய வழியில் ஆர்.எஸ்.ஏ. உடைந்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுகளை அறிவித்தது. அவற்றில் முதன்மையானது காரணிப்படுத்தலை நம்பவில்லை. பல பரிமாணப் புள்ளிக்கட்டத்தில் அருகிலிருக்கும் புள்ளியைத் தேடும் கடினத்தையே நம்புகிறது. அந்தப் பூட்டு எவ்வளவு உறுதி என்று அளப்பதற்கு உலகம் பயன்படுத்தும் உரைகல், பிராங்பேர்ட்டில் கூர்தீட்டிய பி.கே.இசட். வழிமுறைதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் பள்ளிகளில் பகாக் காரணிப்படுத்துதல் என்றால் மீப்பெரு பொதுக் காரணியும் மீச்சிறு பொது மடங்கும் கண்டுபிடித்து முடித்துவிடும் பாடம். அந்தப் பாடம் முடிந்த மறுநாள் இந்த ஆட்டத்தைக் கரும்பலகையில் தொடங்கிப் பாருங்கள். 15ஐக் கொடுங்கள், நான்கு படியில் 1129க்குப் போய்ச் சேருவார்கள். பிறகு 16ஐக் கொடுங்கள். 2222, 211101, 3116397 என்று ஏறி 31636373இல் நிற்க வேண்டும். இடையில் 163ஆல் வகுபடுவதைக் கண்டுபிடிக்கும் மாணவர், பத்துக் கணக்குப் போட்டவரைவிடக் காரணிப்படுத்தலைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டிருப்பார். கணினி ஆய்வகம் இருக்கும் பள்ளியில் 20ஐக் கொடுக்கலாம்; அதன் வீடு 3318308475676071413. இருபது வரி நிரல் போதும்.

கடைசியாக 49ஐக் கொடுத்து, இதற்கு விடை உலகில் யாருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். கணிதத்தில் எல்லாம் கண்டுபிடித்து முடித்தாகிவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, அப்படி இல்லை என்று தெரிய வேண்டிய வயது பதினொன்று.